குறைந்த சம்பளம், குழந்தைகள், டேக்ஸ் கிரெடிட்: அமெரிக்காவில் ரிட்டர்ன் போடும் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இங்கே வரும் தொகைகள் எல்லாம் 2025 வரி ஆண்டுக்கானவை, அதாவது 2026-இல் போடும் ஃபெடரல் ரிட்டர்னுக்கு. வேறு ஆண்டைப் பற்றிப் பேசும் இடங்களில் அந்த ஆண்டைக் குறிப்பிட்டிருக்கிறோம்.

டேக்ஸ் கிரெடிட் என்றால் வருமானத்தில் கழிப்பதா, வரியில் கழிப்பதா?

வரியில். டிடக்‌ஷன் உங்கள் வருமானத்தைக் குறைக்கிறது. 10 சதவீத வரம்பில் இருப்பவருக்கு 1,000 டாலர் டிடக்‌ஷன் கிடைத்தால் மிச்சமாவது 100 டாலர்தான். 1,000 டாலர் கிரெடிட் என்றால் 1,000 டாலரும் மிச்சம்.

கிரெடிட்டிலும் இரண்டு வகை உண்டு. ஒரு வகை வரியைப் பூஜ்யம் வரை இறக்கிவிட்டு நின்றுவிடும். இன்னொரு வகை வரி பூஜ்யமான பிறகும் மீதியைப் பணமாகவே கையில் கொடுக்கும். அதைத்தான் ரீஃபண்டபிள் என்கிறார்கள். குறைந்த சம்பளக்காரருக்கு வருமான வரி பெரும்பாலும் வராது என்பதால் முதல் வகையால் பெரிய பயன் இல்லை. டே கேர் செலவுக்கான கிரெடிட் இதற்கு நல்ல உதாரணம். 2025-இல் அதன் அதிகபட்ச விகிதமான 35 சதவீதம் 15,000 டாலர் வரை வருமானம் உள்ளவருக்கு. அந்த வருமானத்தில் வரியே வராது, எதிலிருந்து கழிப்பது? சட்டத்தில் தாராளம், கையில் சுழியம்.

ரீஃபண்டபிள் வகையில் குடும்பங்களுக்கு முக்கியமானவை இரண்டு. ஒன்று ஏர்ன்டு இன்கம் டேக்ஸ் கிரெடிட், சுருக்கமாக ஈஐடிசி, 1975-இல் வந்தது. மற்றது சைல்ட் டேக்ஸ் கிரெடிட், சிடிசி. 1997-இல் சட்டமாகி மறு ஆண்டு நடைமுறைக்கு வந்த இதில் ஒரு பகுதி மட்டும் ரீஃபண்டபிள்.

எனக்கு வரியே வராது, ரிட்டர்ன் போட வேண்டிய கட்டாயமும் இல்லை. அப்புறம் எதற்குப் போட வேண்டும்?

இந்தக் கேள்வியில்தான் அதிகம் பேர் பணத்தை இழக்கிறார்கள். ரிட்டர்ன் போட்டு, அதில் கேட்டால்தான் கிரெடிட் வரும், தானாக வராது. ஈஐடிசிக்குத் தகுதியுள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அதை வாங்குவதில்லை என்று ஃபெடரல் வரித் துறையான ஐஆர்எஸ்ஸே சொல்கிறது.

விட்டுப்போன ஆண்டுகளுக்கும் ரிட்டர்ன் போடலாம். அந்த ரிட்டர்னின் கெடுவிலிருந்து மூன்று ஆண்டு வரை ரீஃபண்ட் கிடைக்கும், அதைத் தாண்டினால் பணம் அரசுக்கே. ரிட்டர்ன் போட்டும் ஈஐடிசியைக் கேட்காமல் விட்டவர்களுக்கு ஐஆர்எஸ் சில சமயம் சிபி09 (குழந்தை உள்ளவர்), சிபி27 (குழந்தை இல்லாதவர்) என்ற கடிதங்களை அனுப்பும். அவை அபராத நோட்டீஸ் இல்லை. "உங்களுக்குப் பணம் வரலாம், சரிபார்த்துக் கையெழுத்திட்டு அனுப்புங்கள்" என்பதுதான் விஷயம். ஐஆர்எஸ் உறையைப் பார்த்ததும் பயந்துபோய் பிரிக்காமலே வைத்துவிடாதீர்கள்.

ஈஐடிசி எவ்வளவு வரும்?

முதலில் ஏறும், பிறகு சமமாக நிற்கும், அதன்பின் இறங்கும். ஒரு குழந்தை இருந்தால் உழைத்துச் சம்பாதிக்கும் ஒவ்வொரு டாலருக்கும் 34 சென்ட் சேரும். இரண்டு குழந்தை என்றால் 40 சென்ட், மூன்றோ அதற்கு மேலோ என்றால் 45 சென்ட். ஒரு குழந்தைக்கு 12,730 டாலரிலும், இரண்டு அல்லது அதற்கு மேல் 17,880 டாலரிலும் உச்சம் எட்டிவிடும்.

உச்சத் தொகையும், கிரெடிட் பூஜ்யமாகும் வருமானமும்:

குழந்தை இல்லை: 649 டாலர். தனி நபருக்கு 19,104, கணவன் மனைவி சேர்ந்து போட்டால் 26,214.
ஒரு குழந்தை: 4,328 டாலர். தனி நபருக்கு 50,434, சேர்ந்து போட்டால் 57,554.
இரண்டு குழந்தை: 7,152 டாலர். தனி நபருக்கு 57,310, சேர்ந்து போட்டால் 64,430.
மூன்று அல்லது மேல்: 8,046 டாலர். தனி நபருக்கு 61,555, சேர்ந்து போட்டால் 68,675.

குழந்தை உள்ளவருக்கு இறக்கம் தொடங்குவது 23,350 டாலரில், சேர்ந்து போடுபவருக்கு 30,470-இல். இறக்கத்துக்கு ஐஆர்எஸ் எடுத்துக்கொள்வது சம்பாத்தியம், ஏஜிஐ எனப்படும் மொத்த வருமானக் கணக்கு ஆகிய இரண்டில் எது பெரியதோ அதை.

சிடிசி எவ்வளவு? எல்லாருக்கும் 2,200 டாலர் என்றார்களே?

17 வயது முடியாத ஒவ்வொரு குழந்தைக்கும் 2,200 டாலர் என்பது உண்மை. ஆனால் அது முழுதாகக் கிடைக்க, அதில் கழிக்கும் அளவுக்கு உங்களுக்கு வரி வர வேண்டும். வரி போதாவிட்டால் பணமாகத் திரும்புவது குழந்தைக்கு 1,700 டாலர் வரைதான். அதற்கும் ஒரு கதவு இருக்கிறது: சம்பாத்தியத்தில் முதல் 2,500 டாலரை விட்டுவிட்டு, மீதியில் 15 சதவீதம்தான் தருவார்கள். இரண்டு குழந்தைக்கான 3,400 டாலரை முழுதாகத் தொட ஏறக்குறைய 25,167 டாலர் சம்பாதிக்க வேண்டும்.

அதாவது மிகவும் கஷ்டத்தில் இருப்பவருக்குக் குறைவாகவும், 2 லட்சம் டாலர் சம்பாதிப்பவருக்கு முழுதாகவும் கிடைக்கிறது. தனி நபருக்கு 2 லட்சம், தம்பதிக்கு 4 லட்சம் டாலரைத் தாண்டிய பிறகுதான் சிடிசி குறையவே ஆரம்பிக்கும். ஏழைக் குழந்தைகளுக்கான உதவி என்று பலர் நினைக்கும் ஒன்றுக்கு இது விசித்திரமான வடிவம்தான்.

டிசம்பர் 31 இரவு பிறந்த குழந்தைக்கும் அந்த ஆண்டின் முழுத் தொகை உண்டு. மாறாக ஆண்டுக்குள் 17 வயது நிறைந்தால் சிடிசி போய், ரீஃபண்டபிள் இல்லாத 500 டாலர் கிரெடிட்தான் மிஞ்சும். ஈஐடிசிக்கு அந்த வயது வரம்பு இல்லை: ஆண்டு முடியும்போது 19 வயதுக்குக் கீழ், முழுநேர மாணவராக இருந்தால் 24-க்குக் கீழ், நிரந்தர முழு ஊனம் இருந்தால் வயதே பார்ப்பதில்லை. பிள்ளை கல்லூரிக்குப் போய்விட்டது என்று ஈஐடிசியை விட்டுவிடுபவர்கள் நிறைய.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுங்களேன்.

இரண்டு சின்னக் குழந்தைகளை வைத்திருக்கும் தனித் தாய், டபிள்யூ-2 சம்பளம் 20,000 டாலர், வேறு வருமானம் இல்லை. அவர் ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட் (துணைவர் இல்லாமல் குழந்தையோடு வீட்டை நடத்துபவருக்கான நிலை) என்று ரிட்டர்ன் போடுவார். அதற்கான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 23,625 டாலர், ஆகவே வருமான வரி பூஜ்யம்.

20,000 என்பது 17,880-க்கும் 23,350-க்கும் இடையில் விழுகிறது. ஈஐடிசி உச்சமான 7,152. சிடிசியில் 20,000-இலிருந்து 2,500 கழித்தால் 17,500, அதில் 15 சதவீதம் 2,625. இரண்டும் சேர்ந்து 9,777 டாலர். சம்பளத்தில் ஆண்டு முழுவதும் பிடித்த வருமான வரி ஏதாவது இருந்தால் அதுவும் திரும்பும்.

திரும்பாதது சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தம். 7.65 சதவீதம், 1,530 டாலர். "வரி கட்டாதவர்களுக்குப் பணம் கொடுக்கிறார்கள்" என்று பேசுபவர்கள் இந்த வரியை மறந்துவிடுகிறார்கள். முதல் டாலரிலிருந்தே பிடிப்பது அது.

சம்பளம் ஏறினால் கிரெடிட் குறையுமே. ஓவர்டைம் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

கிரெடிட்டை மட்டும் வைத்துப் பார்த்தால், வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. அதே தாயின் சம்பளம் 25,000 ஆனால் ஈஐடிசி சுமார் 6,805 ஆகக் குறையும். ஆனால் சிடிசியில் கைக்கு வருவது 3,375 ஆக ஏறும், மொத்தம் சுமார் 10,180. சம்பளமும் கூடியது, கிரெடிட்டும் கூடியது.

35,000 ஆனால் நிலைமை மாறும். ஈஐடிசி சுமார் 4,699. வரும் வரி 1,137 டாலர் 50 சென்ட்டை சிடிசி விழுங்கிக்கொள்ளும், மீதி சுமார் 3,262 கைக்கு வரும். மொத்தம் சுமார் 7,961. 25,000-இலிருந்து 35,000-க்குப் போன 10,000 டாலரில் கிரெடிட் சரிவு 2,219, பிடித்தம் 765 போக, ஏறக்குறைய 7,000 டாலர் மிஞ்சுகிறது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டாலரிலும் ஈஐடிசிக்கு 21 சென்ட், வரிக்கு 10 சென்ட், பிடித்தத்துக்கு 7.65 சென்ட் என்று கிட்டத்தட்ட 39 சென்ட் போகும். வலிக்கும்தான், ஆனாலும் கையில் நிற்பது கூடிக்கொண்டே போகும்.

உண்மையான பள்ளம் வேறு இடங்களில் இருக்கிறது. ஸ்நாப் உணவு உதவி, மெடிகெய்ட் மருத்துவ உதவி, டே கேர் மானியம் ஆகியவற்றின் வருமான வரம்புகள் ஒரே நேரத்தில் தாண்டப்படும்போது கூடுதல் சம்பளம் முழுதும் கரைந்துவிடக்கூடும். ஓவர்டைம் முடிவை அந்த வரம்புகளைப் பார்த்து எடுங்கள், ஈஐடிசியைப் பார்த்து அல்ல.

எந்தப் பணம் "சம்பாத்தியம்"? ஊரில் இருக்கும் எஃப்டி வட்டியைக் காட்ட வேண்டுமா?

சம்பளம், டிப்ஸ், சொந்தத் தொழில் லாபம் ஆகியவை சம்பாத்தியம். வேலையில்லாக் காலப் படி, பென்ஷன், சோஷியல் செக்யூரிட்டி, பிள்ளை பராமரிப்புக்கு முன்னாள் துணைவர் தரும் பணம், வட்டி, டிவிடெண்ட் எதுவும் சம்பாத்தியம் இல்லை. அவற்றை மட்டும் வைத்து ஈஐடிசி கேட்க முடியாது.

ஊர் எஃப்டி வட்டியைக் காட்டித்தான் ஆக வேண்டும். என்ஆர்இ கணக்கு வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பதால் இங்கேயும் இல்லை என்று நினைப்பது பரவலான தவறு. அமெரிக்க வரிக்கு நீங்கள் ரெசிடென்ட் என்றால் உலகில் எங்கே வரும் வருமானமும் ரிட்டர்னில் வர வேண்டும். அந்த வட்டி ஏஜிஐயை ஏற்றும், ஈஐடிசியை இறக்கும். வட்டி, டிவிடெண்ட், கேப்பிடல் கெயின் போன்ற முதலீட்டு வருமானம் 11,950 டாலரைத் தாண்டினால் ஈஐடிசி மொத்தமாகப் போய்விடும். இங்கே மெல்லச் சரிவது கிடையாது, ஒரு டாலர் தாண்டினாலும் பூஜ்யம். ஊரில் ஒரு மனையை விற்ற ஆண்டில் இது பலரைப் பிடிக்கும்.

ஊபர், டெலிவரி, வீட்டில் சமைத்து விற்பது: இதற்குக் கணக்கு எப்படி?

வரவில் செலவைக் கழித்து வரும் லாபம், அதிலிருந்து சுயதொழில் வரியில் பாதி கழித்து மிஞ்சுவதுதான் ஈஐடிசிக்கான சம்பாத்தியம். சுயதொழில் வரி 15.3 சதவீதம், ஏனென்றால் முதலாளி பங்கையும் நீங்களே கட்டுகிறீர்கள். 1099 தாள் வராத ரொக்க வருமானமும் சேர வேண்டும்.

செலவைக் காட்டாமல் விட்டால் லாபம் உச்சத்தைத் தொட்டு ஈஐடிசி கூடும் என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது விதிமீறல், ஈஐடிசி கேட்பவர் அனுமதிக்கப்பட்ட செலவுகளைக் கழித்தே ஆக வேண்டும். கார் மைலேஜை அன்றன்றே தேதி, தூரம், எதற்காக என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முடிந்தபின் நினைவிலிருந்து எழுதியது எல்லா நாளும் ஒரே மைல் எண்ணிக்கையாக இருக்கும், பார்த்ததும் தெரிந்துவிடும்.

விசாவில் இருக்கிறோம். எங்களுக்குக் கிடைக்குமா?

ஈஐடிசிக்கு இரண்டு நிபந்தனைகளைப் பாருங்கள். முதலில், ஆண்டு முழுவதும் வரி ரெசிடென்டாக இருக்க வேண்டும். ஆண்டின் நடுவில் வந்து இறங்கியவர் அந்த ஆண்டுக்குப் பொதுவாகத் தகுதியில்லை. ரெசிடென்டான துணைவரோடு சேர்ந்து போட்டு, ஆண்டு முழுவதும் ரெசிடென்ட் என்று தேர்வு செய்துகொண்டால் விதிவிலக்கு. எஃப்-1 மாணவர் முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகள் பொதுவாக நான்ரெசிடென்ட், அதனால் கிடைக்காது. இரண்டாவதாக, நீங்கள், துணைவர், கணக்கில் காட்டும் குழந்தை எல்லாரிடமும் வேலைக்குச் செல்லுபடியாகும் எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி எண்) இருக்க வேண்டும், அதுவும் ரிட்டர்ன் கெடுவுக்கு முன் வழங்கப்பட்டதாக. எச்-4 மனைவியிடம் ஐடின் (எஸ்எஸ்என் இல்லாதவருக்கு ஐஆர்எஸ் தரும் வரி எண்) எண்தான் இருக்கிறது என்றால், சேர்ந்து போடும் ரிட்டர்னில் இருவருக்குமே ஈஐடிசி கிடையாது.

சிடிசி அவ்வளவு கண்டிப்பில்லை. குழந்தைக்கு எஸ்எஸ்என் வேண்டும், 2025 முதல் சேர்ந்து போடும் தம்பதியில் ஒருவருக்காவது எஸ்எஸ்என் வேண்டும். ஐடின் மட்டும் உள்ள குழந்தைக்கு 500 டாலர் கிரெடிட் கேட்கலாம்.

எச்1பி சம்பளம் பெரும்பாலும் ஈஐடிசி வரம்பைத் தாண்டிவிடும். இது உண்மையில் உதவுவது குடும்ப வழியில் கிரீன் கார்டு பெற்று வந்து கடை, பெட்ரோல் பங்க், மோட்டல், கிடங்கு வேலைகளில் இருப்பவர்களுக்கு. அவர்களிடம்தான் இந்தத் தகவல் குறைவாகப் போய்ச் சேருகிறது.

விசாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தக் கிரெடிட்களின் ரீஃபண்டபிள் பகுதியை ஃபெடரல் பொது உதவியாக வகைப்படுத்தி, சில குடியேற்ற நிலைகளில் இருப்பவர்களுக்கு நிறுத்தும் விதியைக் கொண்டுவரப்போவதாகக் கருவூலத் துறை 2025 நவம்பரில் அறிவித்தது. 2026 வரி ஆண்டுக்கான ரிட்டர்னைப் போடும்முன் அதன் நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழந்தையைத் தாத்தா பாட்டியிடம் ஊரில் விட்டிருக்கிறோம். காட்டலாமா?

ஈஐடிசிக்குக் குழந்தை ஆண்டில் பாதிக்கு மேல் அமெரிக்காவில் உங்களோடு வசித்திருக்க வேண்டும். கோடை விடுமுறைக்குப் போய் வந்தது, சிகிச்சை, படிப்பு ஆகியவை தற்காலிகப் பிரிவு, அந்த நாட்களும் உங்களோடு இருந்ததாகவே எண்ணப்படும். டே கேர் செலவு தாங்காமல் பத்து மாதம் ஊரில் வளர்ந்தால் அதைத் தற்காலிகம் என்று நிரூபிப்பது கடினம். அந்த ஆண்டு கேட்காமல் இருப்பதே நல்லது.

இந்தியாவில் வசிக்கும் பெற்றோரை டிபென்டன்டாகக் காட்டி 500 டாலர் கேட்பதும் செல்லாது. அமெரிக்கக் குடிமகனாகவோ ரெசிடென்டாகவோ இல்லாதவருக்கு அது கிடையாது, நீங்கள் எவ்வளவு அனுப்பினாலும்.

பிரிந்து வாழ்கிறோம். குழந்தையை யார் காட்டுவது?

குழந்தை ஆண்டில் அதிக இரவுகள் யாரோடு தங்கியதோ அவர்தான். அவர் படிவம் 8332-இல் கையெழுத்திட்டுக் கொடுத்தால் மற்றவர் சிடிசியை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ஈஐடிசியும் ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட் நிலையும் கை மாறாது. விவாகரத்துத் தீர்ப்பில் "ஒரு வருஷம் உனக்கு, ஒரு வருஷம் எனக்கு" என்று எழுதியிருந்தாலும் ஈஐடிசிக்கு அது பொருந்தாது. சண்டை வருவது பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான்.

இரண்டு பேர் ஒரே குழந்தையைக் காட்டினால் பெற்றோருக்கு முன்னுரிமை. இருவரும் பெற்றோர் என்றால் குழந்தை அதிக நாள் இருந்த வீடு, அதுவும் சமம் என்றால் ஏஜிஐ அதிகம் உள்ளவர். மற்றவர் முந்திக்கொண்டு இ-ஃபைல் செய்துவிட்டதால் உங்கள் ரிட்டர்ன் ரிஜெக்ட் ஆனால் அதோடு விட்டுவிட வேண்டாம். ஐஆர்எஸ் தளத்தில் ஐபி பின் எனும் அடையாளப் பாதுகாப்பு எண்ணை எடுத்து அதைச் சேர்த்து மறுபடி இ-ஃபைல் செய்யலாம். பின்னர் இருவருக்கும் சிபி87ஏ கடிதம் போகும். தவறாகக் காட்டியவர் திருத்த வேண்டும், சரியாகக் காட்டியவர் அதற்காக எதுவும் செய்ய வேண்டியதில்லை.

கணவன் மனைவியாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருவர் ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட் என்று போடுவது தவறு. சட்டப்படி இன்னும் மணமானவராக இருந்தும் கடைசி ஆறு மாதம் தனி வீட்டில் வாழ்ந்து, குழந்தை பாதி ஆண்டுக்கு மேல் உங்களோடு இருந்தால், தனியாக ரிட்டர்ன் போட்டும் ஈஐடிசி கேட்கலாம். இது 2021-இல் வந்த மாற்றம், பழைய தகவலை வைத்து "முடியாது" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

குழந்தை இல்லாத தொழிலாளிக்கு?

25 வயது நிறைந்து 65 ஆகாதவருக்குக் கொஞ்சம் உண்டு. மணிக்கு 7.25 டாலர் ஃபெடரல் குறைந்தபட்சக் கூலியில் ஆண்டு முழுக்க முழுநேரம் உழைத்தால் 15,080 டாலர், ஈஐடிசி சுமார் 308 டாலர். 2021-இல் மட்டும் உச்சத் தொகையை 1,502 டாலராக உயர்த்தினார்கள், மறு ஆண்டே பழையபடி ஆனது.

இ-ஃபைல் பெயர் பொருந்தவில்லை என்று திரும்பி வருகிறது. ஏன்?

தமிழ்ப் பெயர்களுக்கே உரிய தொல்லை இது. ஐஆர்எஸ் கடைசிப் பெயரின் முதல் நான்கு எழுத்தை எஸ்எஸ்என்னோடு ஒப்பிடுகிறது. அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும் வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு கடைசிப் பெயர். அப்பாவின் கடைசிப் பெயரையே குழந்தைக்கும் மென்பொருள் தானாக நிரப்பிவிட்டால் ரிஜெக்ட்தான். பாஸ்போர்ட், பள்ளிப் பதிவு எதையும் பார்க்காதீர்கள். ஒவ்வொருவரின் சோஷியல் செக்யூரிட்டி அட்டையையும் முன்னால் வைத்து அதில் அச்சிட்டபடியே அடியுங்கள்.

ஜனவரியிலேயே போட்டேன், பணம் ஏன் வரவில்லை?

2015-இல் வந்த பாத் சட்டப்படி, ஈஐடிசியோ சிடிசியின் ரீஃபண்டபிள் பகுதியோ உள்ள ரிட்டர்னுக்குப் பிப்ரவரி 15-க்கு முன் ரீஃபண்ட் கொடுக்கக் கூடாது. கிரெடிட் மட்டுமல்ல, முழு ரீஃபண்டும் நிற்கும். வங்கிக் கணக்கைச் சரியாகக் கொடுத்துச் சிக்கல் ஏதும் இல்லாதவர்களில் பெரும்பாலோருக்கு மார்ச் தொடக்கத்துக்குள் வந்துவிடும். 2025 செப்டம்பர் கடைசியிலிருந்து காகிதக் காசோலையை நிறுத்திவருகிறார்கள், எனவே வங்கிக் கணக்கு இல்லாதவர் முதலில் அதைத் திறக்கட்டும்.

பிள்ளை பராமரிப்பு பாக்கி, மாநில வரி பாக்கி போன்றவற்றுக்கு ரீஃபண்டைப் பிடித்துக்கொள்ள முடியும். கடன் துணைவருடையது மட்டும் என்றால் படிவம் 8379 போட்டு உங்கள் பங்கைக் கேட்கலாம்.

மொத்தமாக வேண்டாம், மாதாமாதம் வாங்க முடியாதா?

ஈஐடிசியை முடியாது. சம்பளத்தோடு முன்கூட்டியே தரும் ஏற்பாடு 2010-உடன் முடிந்தது. சிடிசிக்கு வேலையிடத்தில் கொடுக்கும் டபிள்யூ-4 படிவத்தின் மூன்றாம் படியில் குழந்தைகளைக் காட்டினால் வரிப் பிடித்தம் குறையும். ஏற்கெனவே பிடித்தம் பூஜ்யமாக இருப்பவருக்கு அதனால் எதுவும் ஏறாது.

2021 ஜூலை முதல் டிசம்பர் வரை சிடிசியில் பாதியை மாதாமாதம் கொடுத்தார்கள். அந்த ஓராண்டுக்கு 6 வயதுக்குக் கீழ் 3,600, மற்றவருக்கு 3,000 டாலர், சம்பாத்தியமே இல்லாத குடும்பத்துக்கும் முழுதாக. அரசு உதவிகளையும் சேர்த்துக் கணக்கிடும் சென்சஸ் துறையின் துணை அளவுகோல்படி குழந்தை வறுமை 2020-இல் 9.7 சதவீதம், 2021-இல் 5.2, அந்த உயர்வு போனபின் 2022-இல் 12.4. மற்ற கொரோனாக் கால உதவிகளும் இதில் கலந்திருந்தன, ஆனாலும் சிடிசியின் பங்கு பெரியது.

இந்தப் பணத்தால் ஆட்கள் வேலைக்குப் போகிறார்களா, சோம்பேறி ஆகிறார்களா?

1986-இல் ஈஐடிசியை உயர்த்தியபின் தனித் தாய்மார்களில் வேலைக்குப் போவோர் விகிதம் 2.8 சதவீதப் புள்ளி வரை கூடியதாக ஐசா, லீப்மன் இருவரும் 1996-இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது, பல ஆண்டுகள் எல்லாரும் அதைத்தான் மேற்கோள் காட்டினார்கள். பொருளாதார அறிஞர் ஹென்ரிக் கிளெவன் பின்னாளில் இதைக் கேள்வி கேட்டார்: 1993 உயர்வுக்குப் பின் தெரிந்த பெரிய ஏற்றம், அதே காலத்தில் நடந்த நலத்திட்டச் சீர்திருத்தத்தாலும் நல்ல பொருளாதாரத்தாலும் இருக்கலாம் என்பது அவர் வாதம். அது இன்னும் தீராத வழக்கு. குழந்தைகளுக்கு நடக்கும் நன்மை அதைவிடத் தெளிவு. குடும்ப வருமானம் 1,000 டாலர் கூடினால் கணக்கு, வாசிப்புத் தேர்வு மதிப்பெண் திட்ட விலக்கத்தில் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பரவியிருக்கும் அளவில்) 6 சதவீதம் உயர்வதாக டாலும் லோக்னரும் 2012-இல் காட்டினார்கள். எடை குறைந்த பிரசவங்கள் குறைவதையும் வேறொரு ஆய்வு கண்டது.

ரீஃபண்ட் வந்தால் ஸ்நாப், மெடிகெய்ட் போய்விடுமா? கிரீன் கார்டுக்குத் தடையா?

ஃபெடரல் பணத்தில் நடக்கும் திட்டங்களில் வரி ரீஃபண்டை வருமானமாக எண்ணக் கூடாது, சொத்தாகவும் 12 மாதம் எண்ணக் கூடாது. வங்கியில் அதற்கு மேலும் சேர்த்து வைப்பவர் மட்டும் தேதியைக் குறித்துக்கொள்ளட்டும். கிரீன் கார்டு கேட்பவர் அரசு உதவியை நம்பி வாழ்வாரா என்று பார்க்கும் பப்ளிக் சார்ஜ் சோதனைக்கான 2022 விதி பார்ப்பது எஸ்எஸ்ஐ, டேனஃப் போன்ற ரொக்க உதவியையும், அரசுச் செலவில் நீண்டகாலப் பராமரிப்பு விடுதியில் இருப்பதையும். டேக்ஸ் கிரெடிட் அதில் இல்லை. அந்த விதியை மாற்ற 2025 நவம்பரில் முன்மொழிவு வந்திருப்பதால், விண்ணப்பம் நிலுவையில் உள்ளவர் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மாநிலத்தில் தனியாக ஏதாவது உண்டா?

பல மாநிலங்களில் உண்டு. நியூ ஜெர்சி ஃபெடரல் ஈஐடிசியில் 40 சதவீதமும், நியூயார்க் 30 சதவீதமும் கூடுதலாகத் தருகின்றன. கலிஃபோர்னியாவிலும் வாஷிங்டனிலும் ஐடின் உள்ளவரும் கேட்கலாம். வாஷிங்டனில் மாநில வருமான வரியே கிடையாது, ஆனாலும் தனி விண்ணப்பம் போட்டால் கிரெடிட் வரும். டெக்சஸ், ஃபுளோரிடாவில் ஒன்றும் இல்லை.

யாரிடம் ரிட்டர்ன் போடுவது?

வீட்டா எனப்படும் ஐஆர்எஸ் ஆதரவுத் தன்னார்வ மையங்களில் குறைந்த வருமானக்காரருக்கு இலவசம். நூலகம், சமூகக் கூடங்களில் பருவ காலத்தில் நடக்கும். காசு கொடுத்துப் போட்டால், போடுபவர் தன் பிடின் எண்ணை (ரிட்டர்ன் தயாரிப்பவருக்கு ஐஆர்எஸ் தரும் எண்) எழுதிக் கையெழுத்திடுகிறாரா என்று பாருங்கள். "நீங்களே போட்டதாக இருக்கட்டும்" என்பவர், ரீஃபண்டில் சதவீதம் கேட்பவர், உங்கள் ரீஃபண்டைத் தன் கணக்குக்கு மாற்றச் சொல்பவர் ஆகிய மூவரிடமிருந்தும் எழுந்து வந்துவிடுங்கள். அவர் எழுதும் பொய்க்குக் கையெழுத்து உங்களுடையது.

சிபி75 என்று கடிதம் வந்திருக்கிறது. என்ன செய்வது?

ரீஃபண்டை நிறுத்தி ஆதாரம் கேட்கிறார்கள். பொதுவாக 30 நாள் அவகாசம். அனுப்பும் தாள் ஒவ்வொன்றிலும் மூன்று விஷயங்கள் வேண்டும்: குழந்தையின் பெயர், உங்கள் முகவரியோடு பொருந்தும் முகவரி, அந்த வரி ஆண்டுக்குள் வரும் தேதிகள். உறவை நிரூபிக்கப் பிறப்புச் சான்றிதழ். வசித்ததை நிரூபிக்கப் பள்ளி, மருத்துவர், வீட்டு உரிமையாளர் தரும் லெட்டர்ஹெட் கடிதங்கள்.

பள்ளிக் கடிதத்தில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். நடப்புக் கல்வியாண்டுக் கடிதம் மட்டும் அனுப்பினால் அது ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை ஐந்து மாதத்தைத்தான் காட்டும். பாதி ஆண்டுக்கு மேல் என்ற நிபந்தனை நிறைவேறாமல் மறுத்துவிடுவார்கள். முந்தைய கல்வியாண்டின் ஜனவரி முதல் ஜூன் வரைக்கும் கடிதம் வாங்கி இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள். ஆண்டின் நடுவில் வீடு மாறியிருந்தால் பழைய முகவரிக்கும் தனி ஆதாரம்.

பதிலே அனுப்பாவிட்டால் மறுப்பு உறுதியாகி, 90 நாளில் டேக்ஸ் கோர்ட்டுக்குப் போகலாம் என்ற நோட்டீஸ் வரும். அந்த 90 நாள் நீளாது. மறுக்கப்பட்டவர் அடுத்த முறை கேட்கும்போது படிவம் 8862 சேர்க்க வேண்டும். விதியை அலட்சியம் செய்ததாக முடிவானால் 2 ஆண்டு, மோசடி என்றால் 10 ஆண்டு கேட்கவே முடியாது. எதிர்த்து வாதாட வழக்கறிஞருக்குப் பணம் இல்லாதவர், குறைந்த வருமான வரி செலுத்துவோருக்கான எல்ஐடிசி மையங்களை அணுகலாம். கட்டணம் இல்லை, இருந்தாலும் மிகச் சொற்பம். கடிதம் வந்த வாரமே கூப்பிடுங்கள், 29-ஆம் நாள் கூப்பிட்டால் அவர்களாலும் அதிகம் செய்ய முடியாது.